டீ, காப்பி குடித்தால் தண்ணீர்க் கணக்கில் சேருமா?

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு அறிவுரை கிளம்பிவிடும், தண்ணி நெறைய குடிங்க என்று. எவ்வளவு நிறைய என்று கேட்டால் ஒருத்தர் எட்டு டம்ளர் என்பார், இன்னொருத்தர் மூணு லிட்டர் என்பார். பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆள், "டீ, காப்பியெல்லாம் கணக்குல சேராதுல்லா அண்ணாச்சி, அது உள்ள கெடக்க தண்ணியையும் சேத்து வெளிய தள்ளிரும்" என்று அடித்துச் சொல்வார். இதை நம்பி, நாளைக்கு நாலு டீ குடிக்கிறவர்கள் தாங்கள் குடித்ததை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று கழித்துவிட்டு, ஒரே மூச்சில் ஒரு செம்பு தண்ணீரைக் கட்டாயமாக உள்ளே தள்ளுவதைப் பார்க்கிறேன். அவ்வளவு பாடு தேவையில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். டீ சேரும். காப்பி சேரும். மோர், ரசம், நீராகாரம், கஞ்சி, பதநீர், இளநீர் எல்லாமே சேரும். 100 மி.லி. டீ குடித்தால் கணக்கில் 100 மி.லி. என்றே எழுதிக்கொள்ளலாம், பாதியாகக் குறைக்க வேண்டாம். அதற்காக நாள் முழுக்க டீயே போதும், தண்ணீர் வேண்டாம் என்றும் ஆகிவிடாது. ஆனால் அதற்குக் காரணம் சர்க்கரையும் இரும்புச்சத்தும் தூக்கமும். டீ உடம்பை வற்றவைத்துவிடும் என்பது காரணமே இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு பேச்சு.

ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கட்டில் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். நோயாளிக்கு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று நர்ஸம்மா மணிக்கணக்குப்படி எழுதுவார். உள்ளே போனது என்ற பக்கத்தில் குளுக்கோஸ், தண்ணீர், கஞ்சி, பால், டீ என்று எல்லாமே வரும். டீ கொடுத்தால் அதை எழுதாமல் விடமாட்டார். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு கட்டியிருப்பார், அந்த அளவுக்குள் காப்பியும் அடக்கம். டீ தண்ணீரை வெளியே தள்ளிவிடும் என்பது உண்மையாக இருந்தால் அவர்களுக்கு டீயை இஷ்டத்துக்குக் கொடுக்கலாமே, ஏன் அளந்து கொடுக்கிறார்கள்?

சரி, அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? முழுக்கக் கட்டுக்கதை இல்லை. டீயிலும் காப்பியிலும் இருக்கும் காஃபின் என்ற பொருள் சிறுநீரை ஓரளவு கூட்டும் என்பது நிஜம்தான். நம் சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன, வடித்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. எவ்வளவு திருப்பி இழுக்க வேண்டும் என்பதை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் தீர்மானிக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் மடையை அடைக்கிறோம், பெருகினால் திறந்துவிடுகிறோம் இல்லையா, அதே வேலைதான். காஃபின் சிறுநீரகத்தில் உப்பு திரும்ப இழுக்கப்படுவதைச் சற்றுக் குறைக்கிறது, உப்போடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீரும் கூடுதலாக வெளியே போகிறது. நடப்பது இவ்வளவுதான்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2015-ல் வந்த ஒரு அலசல், 300 மில்லிகிராம் காஃபின் சாப்பிட்டால் கூடுதலாகப் போகும் சிறுநீர் சராசரியாக 109 மி.லி. என்கிறது. 300 மில்லிகிராம் காஃபின் உள்ளே போக வேண்டுமென்றால் நல்ல டிகாஷன் காப்பி மூன்று கப்பாவது குடித்திருக்க வேண்டும். அந்த மூன்று கப்பில் உள்ளே போன தண்ணீர் அரை லிட்டருக்குப் பக்கம், கூடுதலாக வெளியே போனது அரை டம்ளர். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். உடம்பை அசைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்தக் கூடுதல் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது என்றும் அதே அலசல் சொல்கிறது. வயலில் நிற்பவருக்கும் சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் இது முக்கியமான செய்தி.

இன்னொன்று பழக்கம். தினமும் குடிப்பவருடைய உடம்பு காஃபினுக்குப் பழகிவிடுகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, 1928-லேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வில், தொடர்ந்து குடித்து வந்தால் சிறுநீரைக் கூட்டும் அந்த விளைவு மங்கிப்போவதையும் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி குடித்தால் திரும்ப வருவதையும் பார்த்திருக்கிறார்கள். காப்பி சிறுநீரைக் கூட்டும் என்ற முதல் பாதி மட்டும் ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது, பழகினால் மங்கிவிடும் என்ற மறுபாதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. 2014-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பழக்கம் உள்ள 50 ஆண்களை எடுத்து, மூன்று நாள் தினமும் 200 மி.லி. காப்பி நான்கு முறை கொடுத்தார்கள், இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்தார்கள். உடம்பில் மொத்த நீரின் அளவு, ரத்தம், சிறுநீர் என்று எல்லாவற்றையும் சோதித்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2016-ல் தண்ணீர், காப்பி, டீ, பால், ஆரஞ்சு ஜூஸ் என்று பல பானங்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் டீ, காப்பி இரண்டும் தண்ணீரோடு சமமாகத்தான் நின்றன. பாலும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும் வெறும் தண்ணீரை விடக் கூடுதல் நேரம் உடம்பில் தங்கின, அவற்றில் உப்புச் சத்துக்கள் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

அப்போ டீ குடித்ததும் ஒண்ணுக்கு வருதே என்று கேட்பீர்கள். டீ குடிக்காமல் அதே அளவு தண்ணீர் குடித்தாலும் வரும். உள்ளே போனதற்கு ஏற்ப வெளியே வருகிறது. காலையில் எழுந்து காப்பி குடித்தவுடன் போக வேண்டியிருப்பதற்கு, ராத்திரி முழுக்கச் சேர்ந்து நிற்கும் சிறுநீரும் ஒரு காரணம். சிலருக்குக் காஃபின் சிறுநீர்ப்பையைத் தூண்டி அவசரமாகப் போக வேண்டும் போல ஆக்கும், அவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அவசரமாக வருவது வேறு, அளவு கூடிப்போவது வேறு.

நம்ம ஊர் சுக்கு காப்பி பற்றியும் கேட்பார்கள். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வைத்து, காப்பித்தூள் சேர்க்காவிட்டால் அதில் காஃபினே கிடையாது. கருப்பட்டி காப்பியில் காப்பித்தூள் உண்டு, ஆகவே காஃபினும் உண்டு. இரண்டுமே தண்ணீர்க் கணக்கில் முழுசாக வரும்.

இனி அந்த எட்டு டம்ளருக்கு வருவோம். இதற்கு ஒரு மூலம் தேடினால் 1945-ல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம் சொன்ன ஒரு வாசகத்தில் போய் நிற்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் பொருத்தமான அளவு என்று சொல்லிவிட்டு, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்று அடுத்தாற்போலவே சொல்லியிருந்தார்கள். இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக இயல் பேராசிரியர், ஆரோக்கியமான ஒருவர் கட்டாயம் தினம் எட்டு டம்ளர் குடித்தாக வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று விரிவாகவே எழுதினார். டீ, காப்பியையும் கணக்கில் சேர்க்கலாம் என்று அவரும் சொல்கிறார்.

இன்றைக்குப் பெரிய அமைப்புகள் சொல்லும் எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஆண்களுக்கு இரண்டரை லிட்டர், பெண்களுக்கு இரண்டு லிட்டர் என்றது. அமெரிக்காவில் 2004-ல் ஆண்களுக்கு 3.7, பெண்களுக்கு 2.7 லிட்டர் என்றார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் பொது: இது வெறும் தண்ணீரின் அளவு அல்ல, சாப்பாட்டில் இருக்கும் நீர், டீ, காப்பி, மோர் எல்லாம் சேர்ந்த மொத்தம். சாப்பாட்டிலிருந்து மட்டும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வருவதாக அவர்கள் கணக்கு. நம் சாப்பாட்டில் இன்னும் கூடத்தான் வரும் என்பது என் எண்ணம், ஏனென்றால் வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தண்ணீர்தான், அதன் மேல் குழம்பும் ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறோம், சொதி வைத்த நாளில் கேட்கவே வேண்டாம். ரொட்டியும் வறுத்த கறியும் சாப்பிடுகிற நாட்டுக் கணக்கை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. வெயிலும் அப்படித்தான், அங்கே மிதமான தட்பவெப்பத்துக்குப் போட்ட அளவு நம்ம அக்னி நட்சத்திரத்துக்குப் பற்றாது.

வேர்வைதான் எல்லாக் கணக்கையும் புரட்டிப் போடுவது. ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கும் திசையன்விளைப் பக்கம் பதநீர் சீசனில் காலையும் மாலையும் பனை ஏறுகிறவருக்கும் ஒரே அளவு என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? கடும் வெயிலில் கடுமையாக வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே வேர்த்துப்போகும். அப்புறம் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் அங்கே காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று, வேர்வையை உடம்பில் தங்கவிடாமல் உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாது, நெற்றியில் சொட்டாது, அதனால் வேர்க்கவே இல்லை என்று நினைப்போம். உடம்பை விட்டுத் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும், கழுத்தைத் தடவிப் பார்த்தால் உப்புப் பொரிந்த நரநரப்பு கையில் தட்டும்.

உங்கள் வேலைக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் எடை பாருங்கள், வந்ததும் வேர்வையைத் துடைத்துவிட்டு அதே மாதிரி உடுப்போடு மறுபடி பாருங்கள். இடையில் ஒன்றும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஒண்ணுக்குப் போயிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். ஒரு நல்ல வெயில் நாளில் இப்படிப் பார்த்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க உதவும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, கால்மணி முதல் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் சுமார் 240 மி.லி., அதாவது ஒரு டம்ளர். தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடிக்கச் சொல்கிறார்கள், மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் போக வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

இப்போது கணக்கு எழுதும் முறை. போனில் இதற்கென்று ஆப்கள் நிறைய இருக்கின்றன, மணிக்கு ஒருதரம் மணியடித்து ஞாபகப்படுத்தும், பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும். முதலில் உங்கள் பாத்திரங்களை ஒருதரம் அளந்துவிடுங்கள், ஏனென்றால் தப்பு நடப்பதே இங்கேதான். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள், சில வீட்டில் நாலு டம்ளர் வரும், சில வீட்டில் ஐந்தரை வரும். ஒரு டம்ளர் என்று எழுதினால் அது 250-ஆ 180-ஆ என்று தெரிந்திருக்க வேண்டும். டீக்கடைக் கிளாஸ் இன்னும் ஏமாற்றும், நுரையோடு விளிம்புவரை தெரிந்தாலும் நுரை அடங்கினால் 100 மி.லி. தேறினால் பெரிது. நம்மில் பலர் செம்பையோ பாட்டிலையோ தூக்கி அண்ணாந்து குடிப்பவர்கள், அதில் எண்ணிக்கை நிற்காது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு எத்தனை முறை நிரப்பினோம் என்று மட்டும் எழுதினால் போதும்.

எழுதும்போது அளவோடு மணியையும் எழுதுங்கள். மொத்தத்தை விட இதுதான் உபயோகம். எப்படி என்று ஒரு நாளைப் பிரித்தே பார்ப்போம். முக்கூடல் பக்கம் வீட்டில் இருந்து பீடி சுற்றும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குக் காப்பி 150. எட்டரைக்கு இட்லியோடு தண்ணீர் 200. அப்புறம் மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் கத்தரியும் இலையும் தூளுமாகக் கை ஓடிக்கொண்டே இருக்கும், 11 மணிக்கு டீ 100. ஒன்றரைக்குச் சாப்பாடு, தண்ணீர் 250, ரசம் 100, மோர் 150. நாலு மணிக்கு டீ 100. கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வந்து ஆறரைக்குத் தண்ணீர் 200. ராத்திரி 250. கூட்டினால் ஒன்றரை லிட்டர். டீயும் காப்பியும் சேராது என்று 350-ஐக் கழித்தால் 1,150 என்று நின்று பயமுறுத்தும். கழிக்கத் தேவையில்லை. சோற்றிலும் இட்லியிலும் குழம்பிலும் அரை லிட்டருக்கு மேல் வந்திருக்கும், ஆக மொத்தம் இரண்டு லிட்டரைத் தொட்டுவிட்டது. மார்கழி மாதமென்றால் இது ஒன்றும் மோசமில்லை.

சித்திரையில் ஓட்டுக்கூரையின் கீழே இதே கணக்கு பற்றாது, குறைந்தது இன்னும் அரை லிட்டர் வேண்டும். எங்கே சேர்ப்பது? தாளைப் பாருங்கள், எட்டரையிலிருந்து ஒன்றரை வரை ஐந்து மணி நேரத்தில் ஒரே ஒரு டீ. வெக்கை ஏறுகிற நேரமும் அதுதான். பத்து மணிக்கு ஒரு டம்ளர், பன்னிரண்டு மணிக்கு ஒரு டம்ளர் அல்லது மோர் என்று வைத்தால் முடிந்தது. இதை விட்டுவிட்டு ராத்திரி படுக்கும்போது அரை லிட்டரைக் குடித்துக் கணக்கை நேர்செய்தால், நடுராத்திரி இரண்டுதரம் எழுந்து போக வேண்டிவரும், தூக்கம்தான் போகும்.

நாலைந்து நாள் எழுதினால் உங்கள் நாளின் வறண்ட நேரம் எது என்று பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் தாளைத் தூக்கி வைத்துவிடலாம், வெயில் மாறும்போதோ வேலை மாறும்போதோ மறுபடி எழுதினால் போதும். ஆயுசுக்கும் மி.லி. எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம், அதற்கு உடம்பே இரண்டு அடையாளம் வைத்திருக்கிறது. ஒன்று தாகம். இன்னொன்று சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாக இருக்கிறீர்கள். எலுமிச்சம்பழ மஞ்சளைத் தாண்டிக் கடும் மஞ்சளாக, பழுப்பாக, வாடை தூக்கலாக, கொஞ்சமாக, எரிச்சலோடு போனால் பற்றவில்லை. காலையில் முதலில் போவது எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாமல் மத்தியானத்துக்கு மேல் போவதைப் பாருங்கள். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டாலும் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அது தண்ணீர்க் குறைவு இல்லை. நிறைய குடித்தும் இரண்டு நாளுக்கு மேல் நீர்க்கடுப்பு நிற்கவில்லை, அல்லது காய்ச்சல், ரத்தம் என்று வந்தால் அது கிருமித்தொற்றாகவோ சிறுநீரகக் கல்லாகவோ இருக்கலாம், டாக்டரிடம் போய்விட வேண்டும்.

வயதானவர்களுக்குத் தாகம் என்ற அடையாளத்தை நம்பக் கூடாது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மழுங்கும். ஆச்சிக்கு நாக்கு வறண்டு கிடக்கும், கேட்டால் தாகமே இல்லை என்பாள். "ஆச்சி, தண்ணி வேணுமா?" என்று கேட்காமல் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீர் வேண்டாம் என்கிற ஆச்சி கருப்பட்டி காப்பி என்றால் வாங்கிக் குடிப்பாள். அதுவும் சேரும் என்பதை இங்கே நிம்மதியாக நினைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் மறதி காரணமே இல்லை. பஸ்ஸில் போக வேண்டும், கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், வயல்காட்டில் மறைவிடம் இல்லை, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் உள்ளே நுழையும்படி இல்லை, ஆகவே குடிக்காமல் இருந்துவிட்டால் போக வேண்டியதில்லை என்று தாங்களாகவே அடக்கிக்கொள்கிறார்கள். இவர்களிடம் போய் எட்டு டம்ளர் குடி என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் முதலில் சுத்தமான ஒரு கழிப்பிடம் வையுங்கள், போய்வர நேரம் கொடுங்கள். தண்ணீர் தானாகவே குடிப்பார்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், நீர்த்தாரைத் தொற்றோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் எத்தனையோ பெண்களுக்குப் பின்னால் இந்த அடக்கல் இருக்கிறது.

டீயைக் குறைக்கச் சொல்வதற்கு உண்மையான காரணங்களைச் சொல்லவில்லையே. முதலாவது சர்க்கரை. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு முதல் பத்து கிராம், நாளைக்கு ஆறு டீ என்றால் ஐம்பது, அறுபது கிராம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 50 கிராம்தான், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, டீயில் உள்ள டேனின் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இந்த நிலையில் இட்லி சாப்பிட்ட கையோடு டீயை ஊற்றிக்கொள்வது நல்லதில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்கிறார்கள். அதே வழிகாட்டுதலின்படி 150 மி.லி. டிகாஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். முக்கூடல் அக்காவின் ஒரு காப்பி, இரண்டு டீ இதற்குள் தாராளமாக அடங்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் 200-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது தூக்கம். குடித்த காஃபினில் பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும், சாயந்தரம் ஆறு மணி டீயில் பாதி ராத்திரி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். டின்னில் வரும் எனர்ஜி டிரிங்க்கை டீயோடு சேர்த்துப் பேசவே எனக்கு விருப்பமில்லை. கணக்கில் அதுவும் தண்ணீர்தான், ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கையில் அது இருப்பதைப் பார்த்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து உண்டு. சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்குப் பக்கம்தான் வெளியேற்ற முடியும், அதைத் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். நாள் முழுக்க வேர்த்துக் கொட்டுபவர் வெறும் தண்ணீரையே குடிக்காமல் உப்புப் போட்ட மோர், நீராகாரம் என்று நடுநடுவே சேர்த்துக்கொள்வது நம்ம ஊரில் காலங்காலமாக இருக்கும் வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் மோரோடு நிற்காமல் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள், பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இதில் எதையும் தாங்களாக எடுத்துச் செய்ய வேண்டாம், அவர்களுக்கு டாக்டர் கட்டிய அளவுதான் அளவு. அந்த அளவுக்குள் டீயும் ரசமும் நுங்கும் ஐஸ்கட்டியும் வரும், இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகளுக்குக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கல் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கணக்கு இதற்கு நேர்மாறு. குடிக்கும் அளவை விட, ஒரு நாளைக்குச் சிறுநீர் இரண்டரை லிட்டராவது போக வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கு, நம்ம வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டிவரும். அடுத்த முறை கல்லுக்கு ஸ்கேன் பார்க்கப் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். "நல்லாத்தான் குடிக்கேன் டாக்டர்" என்று வாயால் சொல்வதை விட, எந்த மணிக்கு எவ்வளவு என்று எழுதிய தாளை நீட்டினால் அவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சுலபமாக இருக்கும்.